அபினும் ஊன்றுகோலும்

கசகசாவை அறியாத தமிழ் வீடு இல்லை. குருமாவிற்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கப்படும் அச்சிறு மணிகள் எந்தச் செடியின் விதைகளோ, அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே அபின் ஆகும். மாலையில் காயைக் கீறிவிட்டு, இரவெல்லாம் கசிந்து கட்டிய பாலை மறுநாட் காலையில் சுரண்டி எடுப்பர். இதனைக் கேட்கும்போது நம் தோட்டத்து மக்களுக்குப் பால்மரம் நினைவுக்கு வராமற் போகாது. மரத்தைக் கீறிப் பால் எடுத்தே மூப்படைந்தவர்களின் முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும், காயைக் கீறி எடுத்த பாலின் வழிவந்த மருந்துகள் இன்று தரப்படுகின்றன என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அபின் என்னும் சொல்லும் நெடுந்தொலைவு நடந்து வந்த சொல்லே. கிரேக்க மொழியில் 'ஓபோஸ்' என்றால் சாறு. அதிலிருந்து 'ஓப்பியோன்' பிறந்தது. அரபியர் அதனை 'அஃப்யூன்' என்றனர். வடமொழியாளர் அதனைக் கேட்டு, பாம்பின் நுரை என்று பொருள்படும்படி 'அகிபேனம்' என்று ஆக்கிக்கொண்டனர். தமிழில் அது அபின் என்றும் அபினி என்றும் நின்றது. நம் சித்த மருத்துவரும் வயிற்றுப்போக்கிற்கும் நோவிற்கும் இதனைப் பயன்படுத்தி வந்துள்ளனர். பாம்பின் நுரை என்ற பெயரைச் சூட்டியவர் யாராயினும், மருந்தும் நஞ்சும் ஒரே குப்பியில் இருப்பதை அவர் அறிந்திருந்தார் என்றே எண்ணத் தோன்றுகிறது.

இக்கட்டுரை அபின் பழக்கத்தின் ஒழுக்கக்கேட்டைப் பற்றியதன்று. அதனைப் பற்றி எழுதியவர் பலர். அபினின் வழிவந்த வலிதணிப்பு மருந்துகளை உண்ணும் முதியவர்கள், அதிலும் தலைச்சுற்றல் உடையவர்கள், விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளும் இடர் மிகுதி என்பதை அண்மைக்கால மருத்துவ ஆராய்ச்சி எடுத்துக்காட்டி வருகிறது. இருநூறு ஆண்டுகள் அபினைப் பற்றி வழக்காடிய உலகம், "உண்டவர் விழுகிறாரா?" என்ற எளிய வினாவை ஏன் இத்தனை காலந்தாழ்த்திக் கேட்டது? அதற்கு விடை தேட, நம் ஆற்றங்கரையிலிருந்தே தொடங்கலாம்.

ஆற்றங்கரைக் கடைகள்

பண்டார் தெங்காரா பழைய ஊரன்று. தெங்காரா என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தென்கிழக்கு என்பது பொருள். 1972இல் அமைக்கப்பெற்ற 'கெஜோரா' என்னும் தென்கிழக்கு ஜோகூர் மேம்பாட்டு வாரியத்தின் திட்டத்தில், காடு திருத்திச் செம்பனை நட்ட காலத்தில் எழுந்த ஊர் இது. ஊருக்குப் பழமை இல்லையேனும் அருகில் ஓடும் நீருக்கு உண்டு. சாயோங், லிங்கியூ முதலிய ஆறுகள் கூடி ஜோகூர் ஆறாகிக் கோத்தா திங்கி வழியே கடலுக்குச் செல்கின்றன. சாலைகள் இல்லாத 19ஆம் நூற்றாண்டில் ஜோகூரின் வாழ்வெல்லாம் ஆற்றின் வழியதே.

1840களின் நடுப்பகுதியில் தெமங்கோங் இப்ராகிம் ஜோகூரின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளைச் சீனத் தலைவர்களுக்கு எழுத்துமூலம் ஒப்படைக்கலானார். அந்தப் பத்திரத்திற்குச் 'சூராட் சுங்கை', அஃதாவது ஆற்றுச் சீட்டு, என்று பெயர். பெற்றுக்கொண்டவர் 'காங்சு' எனப்பட்டார். ஆற்றுக்கு உடையவர் என்று அதற்குப் பொருள் கூறலாம். அவர் ஆட்களைக் கொணர்ந்து காட்டை வெட்டி மிளகும் காம்பியரும் பயிரிட்டார். காம்பியர் என்பது வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை ஒத்த பொருள். தோல் பதனிடவும் சாயமேற்றவும் மேனாட்டில் அதற்குப் பெருந்தேவை இருந்தது. ஆனால் காங்சுவின் ஊதியம் மிளகிலும் காம்பியரிலும் மட்டும் இல்லை. தம் ஆற்றெல்லைக்குள் சாராயமும் அபினும் விற்கும் உரிமை, சூதாட்டக் கடை நடத்தும் உரிமை, அடகு பிடிக்கும் உரிமை ஆகியவையும் அவர் கையில் இருந்தன. பகலெல்லாம் காட்டில் உழைத்தவன் பெற்ற கூலி, மாலையில் அவர் கடைக்கே திரும்பிப் போயிற்று. 1917இல்தான் காங்சு முறை சட்டத்தால் முடிவுக்கு வந்தது.

அந்த அபின் எங்கிருந்து வந்தது? சீனத்திலிருந்து அன்று, இந்தியாவிலிருந்து. 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் வங்காளத்து அபின் வாணிகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தனியுரிமையாக்கிற்று. பாட்னாவிலும் காசியைச் சூழ்ந்த பகுதிகளிலும் உழவர் விளைத்த அபின், உருண்டைகளாகப் பிடிக்கப்பட்டு, பெட்டிக்கு 40 உருண்டை வீதம் அடைக்கப்பட்டுக் கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டது. காசிப்பூரில் 1820இல் தொடங்கிய ஆலை இன்றும் மருந்துக்கான அபினைப் பதப்படுத்துகிறது. மலாக்கா நீரிணை வழியே கிழக்கே சென்ற கப்பல்கள் சிங்கப்பூரில் இறக்கிய சரக்குகளுள் இப்பெட்டிகள் முதன்மையானவை. 1820இலேயே பார்க்குவார் சிங்கப்பூரில் அபின் விற்பனையைக் குத்தகைக்கு விட்டார். பின்னர் அந்நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீரிணைக் குடியேற்ற அரசின் வருவாயில் பாதியை ஒட்டிய பங்கு அபினிலிருந்தே வந்தது. சாலை, மருத்துவமனை, காவல் யாவும் அவ்வருவாயைச் சார்ந்தே நின்றன.

நம்மவர் வரலாற்றில் இவ்விடம் பெரும்பாலும் தள்ளிவிடப்படுகிறது. தோட்டத் தமிழருக்குக் கள்ளுக்கடை, சீனத் தொழிலாளருக்குச் சண்டுக்கடை என்று பிரித்துச் சொல்லி, அபின் நம் கதையன்று என்று ஒதுங்குவது வழக்கம். சண்டு என்பது புகைப்பதற்காகக் காய்ச்சிப் பதப்படுத்திய அபின். கடைகள் வேறாயினும் உழைப்பின் நோவு ஒன்றே. சீனத் தொழிலாளர் சண்டுவை நாடியதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் இன்பம் ஒன்றேயன்று. காய்ச்சல், வயிற்றளைச்சல், இருமல், உடல்நோவு ஆகியவையும் உண்டு. மருத்துவர் இல்லாக் காட்டில் அபின் உண்மையாகவே நோவைத் தணித்தது, வயிற்றைக் கட்டிற்று. இதனை மறந்துவிட்டு அவர்களை வெறும் போதைக்காரர் என்று எழுதுவோர் வரலாற்றில் ஒரு பாதியை விட்டுவிடுகின்றனர்.

ஓர் அவுன்சு மருந்து

அபினுக்கு எதிராக எழுந்தவர்களுள் நாம் மறக்கவொண்ணாதவர் பினாங்கில் 1879இல் பிறந்த டாக்டர் வூ லியன் தே. கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றவர். பின்னாளில் 1910-11இல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை அடக்கி உலகப் புகழ் பெற்றவர். அவர் பினாங்கில் அபின் எதிர்ப்பு இயக்கத்தை முன்னின்று நடத்தினார். 1906இல் ஈப்போவில் அபின் எதிர்ப்பு மாநாடு கூடிற்று. அபினால் பிழைத்த செல்வர்கட்கு அவர் கண்ணில் விழுந்த துரும்பானார். 1907இல் அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. கிடைத்தது, அபின் கலந்த மருந்துத் திரவம் ஓர் அவுன்சு. அதனை வைத்திருந்ததற்காக அவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. மேல்முறையீடும் தள்ளுபடி ஆயிற்று. பெட்டி பெட்டியாக அபின் விற்ற அரசே ஓர் அவுன்சு மருந்துக்காக மருத்துவரைத் தண்டித்தது!

இந்நிகழ்ச்சியை வேடிக்கைக் கதையாகப் பலர் கூறுவர். எனக்கு இதில் வேறொன்று தோன்றுகிறது. அபினை எதிர்த்தவரின் அலமாரியிலும் அபின் இருந்தது. ஏனெனில் அக்கால மருத்துவம் அஃதின்றி நடவாது. கடையில் விற்ற பொருளும் அலமாரியில் இருந்த பொருளும் ஒன்றே. இவ்விரண்டையும் பிரிக்கச் சட்டம் பட்ட பாடே அதன்பின் வந்த நாற்பது ஆண்டு வரலாறு.

அந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1907இல் அமைந்த விசாரணைக் குழு, பெரும்பாலோர் அளவாகவே புகைக்கின்றனர் என்று கூறிக் குத்தகை முறையை ஒழித்து அரசே விற்குமாறு பரிந்துரைத்தது. 1910 தொடக்கத்தில் சிங்கப்பூரிலும் பிற நீரிணைக் குடியேற்றங்களிலும் அவ்வாறே ஆயிற்று. சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் அருகே அரசின் சண்டு ஆலை இருந்த குன்று 'புக்கிட் சண்டு' என்றே இன்றும் வழங்குகிறது. 1942 பிப்ரவரியில் மலாய்ப் படைவீரர் இறுதிவரை நின்று போரிட்ட இடமும் அதுவே. 1943இல் ஆங்கில அரசு, தான் மீண்டும் கைப்பற்றும் நாடுகளில் அபின் புகைத்தலைத் தடை செய்வதாக அறிவித்தது. 1946இல் மலாயாவில் அத்தடை நடைமுறைக்கு வந்தது. 1952இல் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே நச்சுப்பொருள் சட்டமும் வந்தது. ஒன்று சிறைக்கும் மற்றொன்று மருந்துக் கடைக்கும் என்று பொதுமக்கள் எண்ணிக்கொண்டனர்.

இந்நெடிய வழக்கில் இரு திறத்தாரும் பெரிதும் ஆராய்ந்தது ஒன்றே: மனிதன் அபினுக்கு அடிமையாகிறானா, இல்லையா? இன்றும் மருத்துவர் கடுமையான வலி மாத்திரை எழுதினால் நம் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, "பழகிப் போய்விடுமா?" என்பதே. பழைய வழக்கின் எதிரொலி அது.

காயிலிருந்து மாத்திரைக்கு

ஜெர்மனியில் பாடர்பார்ன் என்னும் ஊரில் மருந்துக் கடையில் பணியாற்றிய செர்ட்டூர்னர் என்ற இளைஞர், 1805ஐ ஒட்டிய ஆண்டுகளில், அபினிலிருந்து உறக்கம் தரும் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்பியசின் பெயரால் அதற்கு மார்பின் என்ற பெயர் அமைந்தது. 1832இல் பிரெஞ்சுக்காரர் ரொபிக்கே கோடீனைக் கண்டார். 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக விற்றது. அதன் பிற்கதை யாவரும் அறிந்ததே. இன்று முழங்கால் வலிக்கும் முதுகுவலிக்கும் மிகுதியாக எழுதப்படும் டிராமடால், 1962இல் ஜெர்மனியில் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டு 1977இல் விற்பனைக்கு வந்தது. அது காயிலிருந்து வந்ததன்று. ஆயினும் மூளையில் அது தட்டும் கதவு அபின் தட்டிய கதவே. அக்கதவு, அஃதாவது அபினை ஏற்கும் இடம், மூளையில் உண்டு என்பதை 1973இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினர்.

அக்கதவு திறந்தால் வலி மட்டும் வெளியேறுவதில்லை. மனிதன் நேராக நிற்பதற்கு மூன்று தூதர்கள் வேண்டும்: கண், உட்காது, உள்ளங்கால். மூவரும் கொண்டுவரும் செய்தியை மூளை நொடிதோறும் ஒப்பிட்டு உடலைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அபின் வழி மருந்து மூளையின் விழிப்பைக் குறைக்கிறது. கண்மணியைச் சுருக்குகிறது, ஆதலால் மங்கிய ஒளியில் படி தெரிவதில்லை. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தவும் வல்லது. நெடுநாள் உண்பாரின் உடலில் எலும்பைக் காக்கும் பாலியல் சுரப்புகளும் குறைகின்றன; விழுவதற்கு முன்பே எலும்பு நலிந்துவிடுகிறது. கோடீனில் மற்றொரு சிக்கல். உடல் அதனை மார்பினாக மாற்றும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்கு ஒன்றும் செய்யாத அளவு மற்றொருவரைத் தள்ளாட வைக்கும்.

முன்பே தலைச்சுற்றல் உடையவர்க்கு இம்மூன்று தூதர்களுள் ஒருவரோ இருவரோ ஏற்கெனவே சோர்ந்திருப்பர். உட்காதில் நுண்மணி இடம் பெயர்ந்திருக்கலாம். இரத்த அழுத்த மாத்திரை மிகுந்திருக்கலாம். நீரிழிவால் உள்ளங்கால் மரத்திருக்கலாம். கடைசியிற் சொன்னது நம்மவரை நேரே தொடுவது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசிய இந்தியருள் வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்தில் மூவர்க்கு நீரிழிவு உண்டு என்றும், நாட்டின் பேரினங்களுள் அதுவே மிகுதி என்றும் காட்டிற்று.

படுத்தவரும் நடப்பவரும்

இப்போது நம் வினாவிற்கு வருவோம். சண்டுக்கடையின் பழைய ஒளிப்படங்களை உற்றுநோக்குக. புகைப்பவர் பலகைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருப்பார். தலைக்கு ஓர் அணை, அருகே சிறு விளக்கு, கையில் நீண்ட குழாய். படுத்தே புகைப்பது, மயக்கம் தெளியும்வரை படுத்தே இருப்பது. படுத்தவன் விழ இடமில்லை. மேலும், காம்பியர் காட்டில் காய்ச்சலுக்கும் வயிற்றளைச்சலுக்கும் தப்பி எழுபது வயதுவரை வாழ்ந்தவர் எத்தனை பேர்? நாடு விடுதலை பெற்ற 1957இற்கூட இங்கு ஆணின் சராசரி ஆயுள் 56ஐ ஒட்டியும் பெண்ணின் ஆயுள் 58ஐ ஒட்டியுமே இருந்தது. எலும்பு நொய்யும் வயதும் அபினும் ஒரே உடலில் சந்திக்கும் வாய்ப்பு அரிதாயிருந்தது.

மாத்திரை இவ்விரண்டையும் மாற்றிவிட்டது. அதனை உண்பவர் படுத்திருப்பதில்லை. நின்றபடி விழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போகிறார், கொல்லைக்குப் போகிறார், இரவில் இருமுறை எழுந்து குளியலறைக்குப் போகிறார். ஆயுளும் இன்று 75ஐ ஒட்டி நீண்டுவிட்டது. வீழ்ச்சி என்பது அபின் வரலாற்றின் புதிய இயல். பழைய விசாரணைக் குழுக்களின் கண்ணுக்கு எட்டாத இயலும் அதுவே எனலாம்.

இதனை எண்ணிக்கையால் காட்டியவர்களுள் டென்மார்க்கு நாட்டார் குறிப்பிடத்தக்கவர். அந்நாட்டில் 2000ஆம் ஆண்டில் எலும்பு முறிந்தவர் 124,000 பேருக்கு மேற்பட்டோரை முறியாதவரோடு ஒப்பிட்டு 2006இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை மருந்துகள் பலவற்றோடு முறிவு கூடி வருவது தெரிந்தது. விழுதலே காரணம் ஆகலாம் என்று அவர்கள் கருதினர். 2010இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், நாட்பட்ட வலியுடைய 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரை ஆய்ந்ததில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் மார்பினுக்கு ஈடான அளவோ அதற்கு மேலோ உண்டவர்க்கு, உண்ணாதவரைவிட முறிவு இருமடங்காகக் காணப்பட்டது.

வலி உடையவன் வலியாலும் விழுவான் அன்றோ, மருந்தின்மேல் பழி போடலாமா என்று கூர்மையான மாணவன் கேட்பான். நல்ல கேள்வி. அதனாலேயே பின்வந்தோர் மருந்துண்டவரை உண்ணாதவரோடு ஒப்பிடுவதை விட்டு, வலிக்கு வேறு மருந்துண்டவரோடு ஒப்பிட்டனர். 2011இல் மூட்டுவாதமுடைய அமெரிக்க முதியோரிடை நடந்த ஒப்பீட்டிலும் அபின் வழி மருந்துண்டவர்க்கே முறிவு மிகுதி. அதிலும் விரைந்து செயற்பட்டு விரைந்து அடங்கும் வகைகளை உண்டவர்க்கு, உண்ணத் தொடங்கிய முதல் இரு வாரங்களே மிக இடரானவை என்று தெரிந்தது. 2020இல் வெளிவந்த பிரிட்டானிய ஆய்வு, 50 வயது கடந்தோரில் டிராமடால் உண்டவர்க்கு, கோடீனோ வேறு சில வலி மருந்துகளோ உண்டவரைவிட இடுப்பெலும்பு முறிவு மிகுதி என்று கண்டது. 'மெல்லிய மருந்து' என்று பெயரெடுத்ததே இவ்வாறாயிற்று. இடுப்பெலும்பு முறிந்த முதியோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. எஞ்சியவருள் பலர் பழைய நடையை மீளப் பெறுவதில்லை.

அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், முதியோர்க்கு ஆகாத மருந்துகளுக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 1991இல் மார்க் பியர்ஸ் என்னும் மருத்துவர் தொடங்கியது அது. முன்பு விழுந்தவர்க்கும் எலும்பு முறிந்தவர்க்கும், கடுமையான திடீர் வலி நீங்கலாக, இவற்றைத் தவிர்க்குமாறு 2019ஆம் ஆண்டுப் பதிப்பு அறிவுறுத்துகிறது. சிலவகை உறக்க மருந்துகளோடு சேர்த்தலையும் விலக்குகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, வலி மருந்தே வேண்டா என்று முடிவு கட்டுவோர்க்கு இந்தியாவின் கதையைக் கூறவேண்டும். மருந்துக்காக அரசின் உரிமத்தோடு அபின் பயிரிடும் நாடு அது. மத்தியப் பிரதேசம், இராசசுத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் இன்றும் வயல்கள் உண்டு. ஆயினும் 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகள் மார்பினை வைத்திருக்கவே அஞ்சின. புற்றுநோயாளர் அபின் விளையும் நாட்டிலேயே கதறிக்கொண்டு மாண்டனர். கேரளத்தில் டாக்டர் எம். ஆர். இராஜகோபாலும் தோழர்களும் 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் தொடங்கி ஆண்டுக்கணக்கில் வாதாடியபின், 2014இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. புற்றுநோயின் நோவு வேறு, தேய்ந்த முழங்காலின் நோவு வேறு. வீக்கம் தணிக்கும் வேறு மாத்திரைகளோ சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். நீரிழிவாளர்க்கு அவையும் எளியன அல்ல. நெடுநாள் உண்டவர் தாமாகவே திடீரென்று நிறுத்துவதும் தகாது. ஆகவே, எந்த மருந்து என்பதைவிட எந்த நோயாளி என்பதே முந்திக் கேட்கவேண்டிய கேள்வியாகிறது.

அவ்விடத்தில்தான் தமிழாசிரியராகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. தலைச்சுற்றல், கிறுகிறுப்பு, மயக்கம் என்று நாம் வேறு வேறாகச் சொல்வனவற்றை நம் முதியவர் மலாயில் 'பெனிங்' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகின்றனர். அச்சொல் தலைச்சுற்றலையும் குறிக்கும். பேச்சு வழக்கில் தலைவலியையும் குறிக்கும். கேட்ட மருத்துவர் தலைவலி என்று கொண்டால் வலி மாத்திரையொன்று கூடுதலாகச் சேரும். தமிழிலோ 'மயக்கம்' என்றால் நினைவிழத்தலா, சுற்றலா, சோர்வா என்று நமக்கே ஐயம் வரும். எழும்போது சுற்றுகிறதா, படுக்கையில் புரளும்போது சுற்றுகிறதா என்பதில் நோயே வேறுபடுகிறது.

எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு பயிலும் பேரனை அழைத்துப் போக ஊன்றுகோலோடு வரும் பாட்டி ஒருவர், "எந்திரிச்சா வீடே சுத்துதுங்க சார், பெனிங்குன்னு சொன்னா மாத்திரையைக் கூட்டிக் குடுக்குறாங்க" என்றார். முப்பது ஆண்டு பால்வெட்டியவர். பையிலிருந்து எடுத்துக் காட்டிய மாத்திரைகளுள் டிராமடாலும் இருந்தது. அன்று பேரனை அருகே அழைத்து, பாட்டி சொன்னதை அப்படியே மலாயில் எழுதச் சொன்னேன். எந்நேரம் மாத்திரை, எந்நேரம் சுற்றல், எழும்போதா படுக்கும்போதா என்று நான்கு வரி. சிறுவன் தன் நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தான். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது, நான் திருத்தவில்லை. மறுமுறை போனபோது மருத்துவர் அத்தாளைப் படித்துவிட்டு, பாட்டியைப் படுக்க வைத்து ஒருமுறையும் எழுந்து நிற்க வைத்து ஒருமுறையும் இரத்த அழுத்தத்தை அளந்தாராம்.